வணிகத் தகவலியல் பட்டம்: படித்தவர்கள், படிக்க வைத்தவர்கள் சொல்லுங்கள்

தக்கலை அக்கா

என் தம்பி இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறான். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் உள்ள குரூப், கணிதம் கிடையாது. போன வாரம், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஓர் அலுவலகத்துக்கு அவனை நாகர்கோவில் வரை கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், "ஜெர்மனியில் பிசினஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது வணிகத் தகவலியல் போடலாம். பாதி பி.காம்., பாதி கம்ப்யூட்டர். தம்பிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை" என்றார் அங்கிருந்தவர். முதல் செமஸ்டரில் என்னென்ன பாடம் என்று கேட்டேன். ஒரு கட்டடத்தின் படத்தைக் காட்டினார். மறுபடியும் கேட்டேன். தேநீர் வந்தது. மூன்றாவது முறை கேட்டபோது, முன்பணம் எவ்வளவு என்று சொன்னார்.

வடசேரியில் பஸ் ஏறி ஊர் திரும்பும்போது தம்பி கேட்டான்: "அக்கா, பாதி பாதி என்றால் இரண்டிலும் பாதிதான் தெரியுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் படிப்பையோ இதைப் போன்ற ஒன்றையோ படித்தவர்களும், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். விளம்பரத் தாளில் உள்ளதெல்லாம் எங்களிடமே இருக்கிறது.

குலசேகரத்துக்காரன்

அக்கா, இதே கேள்வியை என் தாத்தா கேட்டார். "நீ கணக்கப்பிள்ளையா, கம்ப்யூட்டர்காரனா?" என்று. அப்போது எனக்கும் பதில் தெரியாது. மூன்றாவது செமஸ்டரில்தான் தெரிந்தது.

நான் படித்தது ஜெர்மனியில், தொழில் சார்ந்து கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில். ஏழு செமஸ்டர், 210 கிரெடிட். வழக்கமான பல்கலைக்கழகங்களில் இதே பட்டம் ஆறு செமஸ்டர், 180 கிரெடிட்டில் முடிந்துவிடும்; வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். எங்களுக்குக் கூடுதலாக இருந்த ஒரு செமஸ்டர், ஏதாவது நிறுவனத்தில் போய் வேலை செய்வதற்கு.

முதல் ஆண்டில் அந்த ஏஜெண்ட் சொன்னது சரிபோலத்தான் தெரியும். காலையில் நிரல் எழுதும் வகுப்பு, மதியம் கணக்கியல். மறுநாள் தரவுக் கட்டமைப்புகள், அதற்கடுத்து செலவுக் கணக்கியல். இரண்டு கல்லூரிகளில் ஒரே நேரத்தில் படிப்பதுபோல் இருந்தது. ஆனால் இந்த இரண்டுக்கும் அடியில் கணிதமும் புள்ளியியலும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கியது நிரலும் அல்ல, கணக்கியலும் அல்ல, அதுதான். அணிகள், வகையீடு, நிகழ்தகவு. உங்கள் தம்பி கணிதம் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

இடையில் ஒரு வேடிக்கை. கணக்கியலில் 1.7 வாங்கியதாக வீட்டில் சொன்னேன். அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி என்று அம்மா வழியாகத் தூது விட வேண்டியதாயிற்று.

மூன்றாவது செமஸ்டரில் வேறு வகைப் பாடங்கள் தொடங்கின. வணிகச் செயல்முறைகளைப் படமாக வரைவது, எந்தத் தகவலை எந்த அட்டவணையில் வைப்பது என்று தீர்மானிக்கும் தரவு மாதிரி அமைப்பது, நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் ஈ.ஆர்.பி. மென்பொருள், தகவல் மேலாண்மை. இவை வணிகவியல் துறையிலும் சேராது, கணினித் துறையிலும் சேராது. எங்கள் 210-இல் ஏறத்தாழ 45 கிரெடிட் இதற்கே போனது. கணினி 50, வணிகம் 45, கணிதமும் புள்ளியியலும் 20, நிறுவன செமஸ்டர் 30, ஆய்வேடு 12. மிச்சம் சட்டம், ஆங்கிலம், கருத்தரங்கு. இடத்துக்கு இடம் எண்கள் மாறும், ஆனால் நடுவில் அந்த மூன்றாவது பங்கு இல்லாத பாடத்திட்டத்துக்கு இந்தப் பெயரே பொருந்தாது என்பது என் எண்ணம்.

செயல்முறை வரையும் வகுப்பில், உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலை வரைந்து வாருங்கள் என்றார் பேராசிரியர். மற்றவர்கள் பீட்சாக் கடை, நூலகம் என்று வரைந்தார்கள். நான் தாத்தாவின் ரப்பர் தோட்டத்தை வரைந்தேன். விடியும் முன் பால்வெட்டு, சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து வடிகட்டி தட்டில் ஊற்றுவது, ஆசிட் விட்டு உறைய வைப்பது, மறுநாள் ரோலரில் அடித்து ஷீட் ஆக்குவது, வெயில், புகைக்கூடு, பிறகு கடைக்காரரின் தராசு. நேர்கோடாக அழகாக இருந்தது. பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மழை பெய்தால்?"

மழை பெய்தால் வெட்டு கிடையாது. வெட்டு முடிந்தபின் மழை வந்தால் பால் கழுவிக்கொண்டு போகும். வெட்டாத நாளிலும் வெட்டுகாரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அதை எந்த ஷீட் கணக்கில் கழிப்பது என்று தாத்தாவுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் நோட்டில் பெருக்கல் குறிபோல ஒரு கிறுக்கலாக இருக்கும். அன்று இரவு தாத்தாவுக்குப் போன் செய்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். படம் நான்கு மடங்கானது. முடிவெடுக்கும் இடங்களே பதினொன்று வந்தன. மென்பொருள் எழுதுவது அதன்பிறகு பெரிய வேலையாகத் தெரியவில்லை. எதை எழுத வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நிறுவன செமஸ்டரில் ஒரு கிடங்கில் போட்டார்கள். கணினியில் 40 பெட்டி, அலமாரியில் 37. நிரலில் பிழை என்று நினைத்து மூன்று நாள் துழாவினேன். கடைசியில் பார்த்தால், திரும்பி வரும் சரக்கை இரவு முறைக்காரர்கள் துண்டுச் சீட்டில் எழுதி வைத்து மறுநாள்தான் பதிவு செய்கிறார்கள். தாத்தாவின் நோட்டு அங்கேயும் இருந்தது!

கோட்டாறு வாத்தியார்

நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். குலசேகரத்துத் தம்பி சொன்ன கிரெடிட் கணக்கை நம்மூர்க் கணக்கோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். இங்கே கிரெடிட் என்பது வகுப்பு நேரத்தை வைத்துப் போடுவது: வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் பாடம் நடந்தால் ஒரு கிரெடிட். ஜெர்மனியில் வகுப்பு, வீட்டில் படிப்பது, பயிற்சி, தேர்வுக்குத் தயாராவது என எல்லாம் சேர்த்து 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்றால் 900 மணி நேரம். வகுப்பு வாரத்துக்கு இருபது மணி நேரம்தானே என்று ஊர் சுற்றும் பிள்ளைக்கு மீதி நேரம் தேர்வுத்தாளில் வந்து நிற்கும்.

நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இளநிலைப் பட்டம் ஐந்து பகுதியாக இருக்கும்: தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடமும் துணைப்பாடமும், திறன் சார்ந்த தாள்கள், கடைசியில் நாட்டு நலப்பணி போன்றவை. பி.காம். கணினிப் பயன்பாடு என்றால் வணிகத்துக்குள் சில கணினித் தாள்கள். பி.சி.ஏ. என்றால் கணினிக்குள் கொஞ்சம் கணக்கியல். இரண்டிலும் அந்த நடுப்பங்கு மெலிந்துதான் இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

ஆனால் பாடத்திட்டத்தில் இல்லை என்பதற்காகக் கற்க முடியாது என்றில்லை. எங்கள் மாணவி ஒருத்தி இறுதியாண்டு புராஜெக்டாக, தோவாளைச் சந்தையில் கடை வைத்திருக்கும் மாமாவுக்குக் கணக்கு மென்பொருள் செய்தாள். பூவின் பெயர், பக்கத்தில் விலை. பிச்சிக்கு ஒரு விலை, மல்லிகைக்கு ஒரு விலை. என்னிடம் காட்டியபோது நன்றாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டிவிட்டேன். மாமா பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "மக்களே, காலையில் வந்த பிச்சியும் பத்து மணிக்கு வந்த பிச்சியும் ஒரே விலையா? முகூர்த்த நாளில் என்ன செய்வாய்?" என்று கேட்டிருக்கிறார். விலை பூவைச் சேர்ந்ததல்ல, விற்பனையைச் சேர்ந்தது என்று அவளுக்கு அன்றுதான் புரிந்தது. அட்டவணைகளைப் பிரித்து மறுபடி எழுதினாள். ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தும் தரவு மாதிரியின் உயிர்நாடியை அந்த மனிதர் பூக்கூடைக்கு நடுவில் நின்றுகொண்டு சொல்லிவிட்டார். எனக்குத்தான் கொஞ்சம் வெட்கம்.

இரணியல் ரயில்

நான் படித்தது பொறியியல். 'கணினி அறிவியலும் வணிக அமைப்புகளும்' என்ற நான்காண்டுப் படிப்பு. அதன் பாடத்திட்டத்தை வகுத்தது டி.சி.எஸ். நிறுவனம். தம்பிக்கு இது ஒத்துவராது. கலந்தாய்வுக்கே பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். இருந்தாலும் அந்தப் 'பாதி பாதி' விஷயத்தைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

எங்களுக்கு இயக்க முறைமை, தரவுத்தளம் ஆகியவற்றோடு பொருளாதாரம், நிதி மேலாண்மை, செயல்பாட்டு ஆய்வு, சந்தைப்படுத்தல் எல்லாம் உண்டு. அந்தத் தாள்கள் வரும் நாளில் வகுப்பு காலியாக இருக்கும். நானும் பின்வாசல் வழியாகப் போனவன்தான். இப்போது தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க் போகிறேன். சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு வாடிக்கையாளர் 'கிரெடிட் நோட்' வசதி வேண்டும் என்று கேட்டார். எங்கள் குழுவில் எல்லோரும் கெட்டிக்கார நிரலாளர்கள். கடன் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டு வட்டிக் கணக்குவரை போய்விட்டார்கள். சரக்கு திரும்பி வந்தால் விற்றவர் பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு அது என்று, தூக்கக் கலக்கத்தில் கேட்ட ஏதோ ஒரு வகுப்பு நினைவுக்கு வந்து சொன்னேன். இரண்டு வார வேலை மிச்சமானது. அதன்பிறகு வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

குளச்சல் அப்பா

நல்லதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

மகன் இதே படிப்புக்குத்தான் போனான். எங்களை அனுப்பியவர்கள் கல்விக் கட்டணம் இல்லை என்று மட்டும் சொன்னார்கள். கட்டணம் இல்லை என்பது பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். அது போக, விசாவுக்கு முடக்கக் கணக்கில் பணம் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் 992 வீதம்தான் எடுக்க விடுவார்கள். நான் வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் புரட்டினேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். தேர்வு விதியை யாரும் சொல்லவில்லை. நம்மூரில் அரியர் வைத்தால் பல முறை எழுதலாம். மகன் சேர்ந்த இடத்தில் ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்பு. கணிதத்தில் மூன்றாவது முறையும் போனது. அத்துடன் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த நாட்டில் வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாது என்றார்கள். பையன் நிரல் எழுதுவதில் சுட்டி. அது எதற்கும் உதவவில்லை. போனில் அவன் சொன்னபோது கடற்கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது; இரைச்சலில் காதில் விழாததுபோல் இரண்டு முறை கேட்டேன்.

இப்போது அங்கேயே தொழிற்பயிற்சி ஒன்றில் சேர்ந்து உதவித்தொகை வாங்குகிறான், நன்றாக இருக்கிறான். அம்மா, தம்பியை அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. கணிதம் இல்லாத பிளஸ் டூவை ஏற்பார்களா என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள்; பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு தாளை எத்தனை முறை எழுதலாம் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

குலசேகரத்துக்காரன்

ஐயா சொன்னது முழுக்க உண்மை. எங்கள் வகுப்பிலும் அப்படிப் போனவர்கள் உண்டு.

அக்கா, இன்னும் இரண்டு. நான் போன காலத்தில் இல்லாத ஒன்று, நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ்; 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு அது இல்லாமல் விசா விண்ணப்பம் நகராது. மற்றொன்று மொழி. இளநிலையில் ஆங்கில வழிப் படிப்புகள் குறைவு, பெரும்பாலும் ஜெர்மன்தான். நான் நாகர்கோவிலில் ஓராண்டு கல்லூரியில் படித்துத் தேறி, கூடவே மொழியும் படித்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். அந்த ஓராண்டு இல்லாதவர்களுக்கு அங்கே போய்த் தயாரிப்பு வகுப்பு ஓராண்டு படிக்கும் வழி உண்டு; அதற்கும் நுழைவுத் தேர்வு, முடிவில் இன்னொரு தேர்வு.

தக்கலை அக்கா

எல்லாவற்றையும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். குளச்சல் ஐயா எழுதியதை மட்டும் அவனே வாங்கி இரண்டாவது முறை படித்தான். இந்த ஆண்டு நாகர்கோவிலில் பி.சி.ஏ. சேர்வதாகவும், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் தொடங்குவதாகவும் சொல்லியிருக்கிறான். ஜெர்மன் வகுப்பு பற்றி முடிவு செய்யவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதுகிறேன், அவன் ஆங்கிலத்தைத் திருத்துகிறான்.

நேற்று இரவு அந்த ஏஜெண்ட் கொடுத்த விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் ஏதோ கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் போன அலுவலகத்தின் செயல்முறையாம். 'கேள்வி' என்ற கட்டத்திலிருந்து ஓர் அம்பு 'கட்டடப் படம்' என்பதற்கும், இன்னொன்று 'தேநீர்' என்பதற்கும் போகிறது. இரண்டும் திரும்பி 'கேள்வி'க்கே வருகின்றன. வெளியே போகும் ஒரே அம்பு 'முன்பணம்' என்ற கட்டத்துக்கு. குலசேகரத்துத் தம்பி, 'பதில்' என்ற கட்டத்தை எங்கே வைப்பது என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறான்.