86 பானட்டில் வென்ட் வெட்டினால் சூடு குறையுமா?

தெம்பனிஸ்86

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி 2013 டொயோட்டா 86, மேனுவல், எஞ்சின் ஸ்டாக், சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்று) புதுப்பித்தாச்சு. மலேசியாவின் செப்பாங் ரேஸ் ட்ராக்கில் நாலாவது லேப்பிலேயே ஆயில் 134 டிகிரி, தண்ணீர் 106. ஒரு லேப் மெதுவாகப் போனால் தண்ணீர் இறங்குகிறது, ஆயில் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. ஊருக்குள் சிடிஇ விரைவுச்சாலை ஜாமில் நின்றால் இன்டேக் காற்று 58 வரை ஏறுகிறது.

காக்கி புக்கிட்டில் ஒரு வொர்க்‌ஷாப்பில் 30-க்கு 12 செ.மீ. அலுமினிய லூவர் (சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு) ஜோடியைக் கண்ணாடி ஓரமாக, இரண்டு பக்கமும் வெட்டி ரிவெட் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். "சூடு மேலேதானே போகும், பின்னாடி வெட்டினால் போதும்" என்பது அவர்கள் வாதம். பானட் பின்பக்கக் கீலுக்கு அடியில் வாஷர் வைத்துத் தூக்கினாலே போதும் என்று இன்னொருவர். எங்கே வெட்டுவது சரி? இங்கே கொட்டுகிற மழைக்கு என்ன வழி? இன்ஸ்பெக்‌ஷனில் பிரச்சினை வருமா?

காற்றுவாக்கு

தம்பி, கண்ணாடி ஓரத்தில் மட்டும் வெட்ட விடாதீங்க. வண்டி ஓடும்போது பானட் மேல் வரும் காற்று கண்ணாடியில் முட்டி வேகம் குறையும், அங்கே அழுத்தம் ஏறும். ஏர்கானுக்குக் காற்று எடுக்கும் வாயை அங்கே வைத்திருப்பதே அதனால்தான். அந்த இடத்தில் ஓட்டை போட்டால் வேகத்தில் சூடு வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே இறங்கும். எஞ்சின் பேயில் (பானட்டுக்கு அடியிலுள்ள எஞ்சின் அறையில்) அழுத்தம் கூடி, ரேடியேட்டர் வழியாக வரும் காற்று குறையும். காசு கொடுத்துத் தண்ணீர்ச் சூட்டை ஏற்றிக்கொள்ளும் வேலை அது. வாஷர் வித்தையும் இதே கதைதான். கூடவே நின்றிருக்கும்போது ஆயில் வாடை ஏர்கான் வழியாகக் கேபினுக்குள் வரும்.

அழுத்தம் குறைவாக இருப்பது பானட்டின் முன் விளிம்பு வளைந்து மேலேறி முடியும் இடத்திலிருந்து ஏறக்குறைய நடுப்பகுதி வரை. கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தையாவது தொடவே வேண்டாம். 2022-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்எல்5 மாடல் பானட்டைப் பாருங்க. ரேடியேட்டர் வழியாக வந்த காற்று வெளியேறும் வென்ட் கண்ணாடியிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் பானட்டில் இருப்பது வேறு. அது காற்றை உள்ளே எடுத்து, எஞ்சின் மேல் படுத்திருக்கும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு அனுப்பும் ஸ்கூப். அதை உதாரணமாகக் காட்டுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீங்க.

வெட்டும் முன் அளந்துவிடுங்க. கம்பளி நூல் ஒட்டிப் பார்ப்பது போதாது. காற்று ஒட்டி ஓடுகிறதா, பிரிகிறதா என்பதைத்தான் நூல் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. மீன்தொட்டிக்கு விற்கும் 4 மி.மீ. டியூப் ஐந்தாறு மீட்டர் வாங்கி, அதன் நடுப்பகுதியை ஒரு பலகையில் 'ப' வடிவில் ஒட்டி, கலர் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஸ்கேல் வையுங்க. ஒரு நுனி ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பேக்குள். ஃபேன் காற்று நேராக அடிக்காமல் அந்த நுனியைச் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டால் மூடுங்க. இன்னொரு நுனியை அடைத்து, பானட் மேல் படுக்க வைத்து டேப் ஒட்டி, மேல்பக்கம் ஊசியால் ஒரே ஒரு ஓட்டை. டியூப் பானட் இடுக்கில் நசுங்கியிருந்தால் அளவு பொய்யாகும், ஊதிப் பார்த்துக்கொள்ளுங்க.

பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும், ஓட்டுகிறவர் பார்க்கவே கூடாது. ஈசிபி விரைவுச்சாலையில் நேரான இடத்தில் 80-இல் போங்க. அந்த வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தமே சுமார் 29 மி.மீ. தண்ணீர்தான். எஞ்சின் பக்கத் தண்ணீர் கீழே இறங்கி, இரண்டு பக்கத்துக்கும் 8, 10 மி.மீ. வித்தியாசம் வந்தால் அங்கே வெட்டலாம். 2, 3 மி.மீ. என்றால் பானட்டைக் கெடுக்காதீங்க. எஞ்சின் பக்கம் மேலேறினால் அங்கே வென்ட் தலைகீழாக வேலை செய்யும் என்று அர்த்தம். வேகம் இரண்டு மடங்கானால் இந்த வித்தியாசம் நாலு மடங்காகும். செப்பாங்கின் நீள நேர்ப்பாதைகளில் வென்ட் பலன் தருவதும், சிடிஇயில் தராததும் இதனால்தான்.

ஆயில் 134-க்கு வென்ட் மருந்து இல்லை. 86-க்கு ட்ராக்கில் ஆயில் கூலர் போட்டே ஆகணும். தெர்மோஸ்டாட் வைத்த சாண்ட்விச் பிளேட் (எஞ்சினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவில் மாட்டி, ஆயிலைக் கூலருக்கு அனுப்பும் தட்டு) வாங்குங்க, இல்லாவிட்டால் மழை நாளில் ஊருக்குள் ஓட்டும்போது ஆயில் சூடேறவே நேரம் எடுக்கும். 86-இன் எஃப்ஏ20 எஞ்சினில் ஃபில்டர் எஞ்சின் மேலேயே இருப்பதால் பிளேட் போடுவது சுலபம். ஆனால் ஃபில்டர் உயரும், பானட்டில் இடிக்கிறதா என்று களிமண் உருண்டை வைத்து மூடிப் பாருங்க. கூலரை ரேடியேட்டர் முழுவதையும் மறைக்கிற மாதிரி முன்னால் மாட்டினால் ஆயில் இறங்கும், தண்ணீர் ஏறும்.

அடைமழை

மேலே சொன்னது சரி. இடம் முடிவானபின் வெட்டுவது எப்படி என்று நான் சொல்கிறேன்.

86 பானட் அலுமினியம், மேல்தகடு, உள்தகடு என்று இரண்டு அடுக்கு. வார்ப்புருவைப் பேப்பரில் வெட்டி, முதலில் பானட்டின் அடிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்தகட்டின் முதுகெலும்பு, லாட்ச் பூட்டைச் சுற்றிய பகுதி, கீல் பகுதி இவற்றில் எதையும் அறுக்கக்கூடாது. லூவர் இரண்டு செ.மீ. நகர வேண்டியிருந்தால் நகரட்டும். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி வரைந்து, நாலு மூலையிலும் 10 மி.மீ. துளை போட்டபிறகே ஜிக்சா. சதுர மூலையாக அறுத்தால் அந்த மூலையிலிருந்து விரிசல் ஓடும். ரிவெட் பிடிக்கச் சுற்றிலும் 15 மி.மீ. விட்டு அறுக்கவும். அறுத்த விளிம்பை அரத்தால் மழுக்கி, எட்ச் பிரைமர், பிறகு பெயின்ட்.

ரிவெட் 4 மி.மீ. அலுமினியம், 4 அல்லது 5 செ.மீ. இடைவெளியில். பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஸ்டெயின்லெஸ் ரிவெட் போடுகிறார்கள். இந்தக் கடல்காற்றிலும் ஈரத்திலும் அலுமினியம் அதைச் சுற்றி வெள்ளையாக அரித்துப் பெயின்ட் கொப்பளிக்கும். அடியில் பாலியூரிதேன் சீலண்ட் பூசுங்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்காமல் அறுத்த வாயையும் அதே சீலண்டால் மூட வேண்டும்.

லூவரின் வாய் பின்னோக்கி இருந்தால் ஓடும்போது மழை பெரும்பாலும் மேலே தாண்டிப் போய்விடும். திறந்தவெளி கார்பார்க்கில் நிறுத்தினால்தான் தலைவலி. உங்கள் எஞ்சின் பாக்ஸர் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் வகை), இக்னிஷன் காயில் இரு பக்கமும் கீழே இருப்பதால் ஓரளவு தப்பிக்கும். இன்லைன் நாலு சிலிண்டர் வண்டிகளில் பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிஸ்ஃபயர் அடிக்கும். 86-இல் கவலை ஆல்டர்னேட்டரும் பெல்ட்டும், இரண்டும் முன்பக்கம் மேலே.

தீர்வு, அடியில் 1 மி.மீ. அலுமினியத் தட்டு. லூவரைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. பெரிது, விளிம்பு 15 மி.மீ. மடிப்பு, பின்பக்கம் சரிவு, தாழ்ந்த மூலையில் 10 மி.மீ. ஹோஸ். ஹோஸ் பெல்ட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் எட்டாமல் கீழே இறங்க வேண்டும். தட்டு லூவருக்கு மிக அருகில் இருந்தால் காற்றையும் மூடிவிடும். கணக்கு எளிது: 30-க்கு 12 லூவரின் சுற்றளவு 84 செ.மீ., 3 செ.மீ. இடைவெளி விட்டால் 252 சதுர செ.மீ. வழி. லூவரின் நிகர வாய் 360-இல் பாதிகூட இருக்காது, ஆகவே 3 செ.மீ. தாராளம். மடிப்பின் உச்சியிலிருந்து அளக்க வேண்டும், தட்டின் அடியிலிருந்து அல்ல. கால் சுற்று திருப்பினால் கழலும் ஃபாஸ்ட்னரில் மாட்டினால் செப்பாங்கில் கழற்றி வைத்துவிடலாம்.

வென்ட்டின் முன் விளிம்பில் 12 மி.மீ. உயர 'எல்' அலுமினியத்தைக் குறுக்கே நிறுத்தினால் அதன் பின்னால் அழுத்தம் இன்னும் இறங்கும். ட்ராக்குக்கு மட்டும் மாட்டுங்கள், ரோட்டில் கூர்மையான எதுவும் பானட் மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பாத்தோக் டர்போ

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. நின்றிருக்கும்போது பானட் மேல் அழுத்தக் கணக்கே கிடையாது, சூடு தானாக மேலேறும், எங்கே ஓட்டை இருந்தாலும் வெளியே வரும். டர்போ வண்டியில் எஞ்சினை அணைத்தபின் வயரும் பிளாஸ்டிக்கும் வேகாமல் இருக்க அது உதவும். அதற்கும் முன்பாதி வென்ட்டே போதும், பின்னாடி வெட்டக் காரணமில்லை.

ஜாமில் 58 என்பதைப் பெரிதாக எடுக்காதீங்க ப்ரோ, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடும். நகர்ந்த பிறகும் இறங்கவில்லை என்றால் ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி) வாய்க்கும் முன் கிரில்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், ரேடியேட்டரின் சூட்டை அது உறிஞ்சுகிறது. ஃபேன் இரண்டும் சுற்றுகிறதா என்றும் ஏர்கான் போட்டுப் பாருங்க.

சின்மிங் வாசி

இன்ஸ்பெக்‌ஷன் பற்றி: வண்டி 10 வருஷம் தாண்டியதால் உங்களுக்கு ஆண்டுதோறும். வெட்டிவிட்டுப் போய் நிற்காதீர்கள். ஒன்மோட்டரிங் இணையதளத்தில், நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏ-வின் மாற்றியமைப்பு விதிகளைப் படித்து, லூவர் அளவு, உயரம், படம் எல்லாவற்றையும் இன்ஸ்பெக்‌ஷன் சென்டரிடம் முதலிலேயே காட்டிக் கேளுங்கள். சொந்த பானட்டை வெட்டாமல் பழைய பானட் ஒன்று வாங்கி அதில் வெட்டுங்கள், ஒரிஜினல் பத்திரமாக இருக்கட்டும். இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், போனில் சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

தெம்பனிஸ்86

ரொம்ப நன்றி. அப்படியானால் முதலில் ஆயில் கூலர், பிறகு டியூப் வைத்து அளக்கிறேன். ஆயில் மாற்ற வசதியாக, எஞ்சினுக்குக் கீழே மூடியிருக்கும் அடித்தட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன், அது காற்றுக்கு நல்லதுதானே?

காற்றுவாக்கு

இல்லை, முதலில் அதைத் திருப்பி மாட்டுங்க. அடித்தட்டு இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் ஓடும் காற்று எஞ்சின் பேக்குள் ஏறும், ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் கூடும். அது இல்லாமல் எடுத்த அளவும் தப்பாக இருக்கும். அதோடு பம்பர் வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சந்துகளை 20 மி.மீ. கனமுள்ள இபிடிஎம் ரப்பர் ஃபோமால் அடையுங்க, ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் கேளுங்க. தண்ணீர் குடிக்காத மூடிய துளை ரகமா என்று பார்த்து வாங்குங்க, சாதா ஸ்பாஞ்சு மழையில் ஊறித் தொங்கிவிடும். முக்கியமாக மேல் விளிம்பையும் இரண்டு ஓரத்தையும் அடைத்துவிட்டு செப்பாங்கில் தண்ணீர் எவ்வளவு என்று பாருங்க. 100-க்குக் கீழே நின்றால் பானட்டை வெட்டவே வேண்டியிருக்காது.