ஜோக் அருவிக்குப் போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நான் ஆரம்பிக்கிறேன். ஆகஸ்ட் மாசம் குடும்பத்தோட கர்நாடகாவுல ஷிமோகா பக்கம் ஜோக் பார்க்கப் போயிருந்தோம். வழியில சாகரா ஊரைத் தாண்டினதுல இருந்து மழை விடவே இல்ல. பார்வை மேடையில போய் நின்னா எதிர்ல பள்ளத்தாக்கும் தெரியல, அருவியும் தெரியல. எல்லாம் பனிமூட்டம். சத்தம் மட்டும் நெஞ்சுக்குள்ள இறங்குது.

மாமியார் கேட்டாங்க: "குளிக்கிற எடம் எங்கப்பா?" நமக்கு அருவின்னா குற்றாலம்தானே, எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு தலையைக் கொடுத்து நிக்கணும். இங்க தண்ணி 253 மீட்டர் உயரத்துல இருந்து விழுது. எதிர்க்கரையில நின்னு பார்க்க மட்டும்தான் முடியும்னு சொன்னதும் அவங்க முகம் வாடிப் போச்சு.

பாதிப் பேர் அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வண்டி ஏறிட்டாங்க. சோளம் சுட்டு விக்கிறவர் மட்டும், காத்து திரும்பும், இருங்கன்னு கன்னடத்துல சொன்னார். சோளத்தைத் தின்னுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னோம்.

ஜோக்ல தண்ணி நாலு கிளையா விழும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர். முதல்ல இடது ஓரத்துல ராஜா தெரிஞ்சது. நேரா, ஒரே பாய்ச்சலா இறங்குது. அதை ஒட்டி ரோரர், பாறைச் சந்துல முட்டி மோதிக்கிட்டு வருது. சத்தத்துக்கு வெச்ச பேர் அது. பிறகு ராக்கெட், பீச்சியடிக்கிற மாதிரி. கடைசியா வலது பக்கம் ராணி, பாறை மேல படர்ந்து நிதானமா வழியுது. நாலும் சேர்ந்து தெரிஞ்சப்ப அங்க இருந்த அத்தனை பேரும் கத்திட்டாங்க. "இத்தனை தண்ணியா!"ன்னு மாமியார் என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. குளிக்கிற பேச்சை அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. கொஞ்ச நேரத்துல மறுபடி மூடிடுச்சு. நாங்க பார்த்துட்டோம், அது போதும்.

-----

நாங்க போனது ஏப்ரல் கடைசி. பெரிய கரும்பாறைச் சுவர், அதுல நூல் நூலா தண்ணி. பிள்ளைங்களுக்கு ஏமாற்றம்தான். ஆனா அந்தப் பாறையோட பிரமாண்டம் வெயில் காலத்துலதான் தெரியும்னு எனக்குத் தோணுச்சு. ஆயிரத்துக்கு மேல படிகள் இறங்கி அடிவாரத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தோம். திரும்பி ஏறுறதுக்குள்ள முட்டி கழண்டு போச்சு.

-----

சாகராவுல சில வருஷம் வேலை பார்த்தவன்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன். அருவிக்கு மேல ஷராவதி ஆத்துல லிங்கனமக்கி அணை இருக்கு, 1964ல கட்டி முடிச்சது. தண்ணி அங்க தேங்கி மின் நிலையங்களுக்குப் போகுது. ஷராவதி மின் நிலையம் மட்டுமே 1,035 மெகாவாட். அதனால அணை நிரம்பித் திறந்து விட்டா ஒரு ஜோக், திறக்காத நாள்ல வேற ஜோக். கிளம்புறதுக்கு முன்னாடி அணையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு விசாரிச்சுக்கோங்க.

ஜோக் பார்க்க வர்றவங்க அந்த அணையோட நீர்த்தேக்கத்தையும் பார்க்கணும்னு நான் விடாம சொல்லுவேன். எத்தனையோ ஊரும் வயலும் அதுக்குள்ள போயிருக்கு. 1948ல முடிச்ச ஹிரேபாஸ்கரா அணையே அந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்கு, மட்டம் நல்லா இறங்கினா வெளியே தெரியும். நிலத்தை விட்டுட்டுப் போன குடும்பத்து ஆளுங்க சாகராவுல எனக்குப் பழக்கம். அவங்க அருவியைப் பார்க்கிற பார்வை வேற. நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில இருக்கிற சிகந்தூர் கோயிலுக்கு முன்னெல்லாம் லாஞ்ச்லதான், அதாவது பெரிய படகுலதான், வண்டியோட போகணும். 2025 ஜூலையில பாலம் திறந்துட்டாங்க, இப்ப சுலபம்.

ஆகஸ்ட் கடைசியில இருந்து அக்டோபருக்குள்ள போங்க. ரயில்னா தாளகுப்பா வரைக்கும் வருது. ஒரு ராத்திரி தங்குங்க, பனிமூட்டம் எப்ப விலகும்னு யாராலயும் சொல்ல முடியாது. மழைக் காலத்துல அடிவாரத்துக்கு இறங்குற படியெல்லாம் பாசி, பல நாள் வழியை மூடி வெச்சிருப்பாங்க. திறந்திருந்தாலும் சின்னப் பிள்ளைங்களோட இறங்காதீங்க.