தொழில் முதிர்ச்சி அளவுகோல்: வீட்டாரைக் கேட்டு முடிவெடுப்பவர் முதிர்ச்சி குறைந்தவரா?

ஆய்வுமாணவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களின் சுயகருத்து அவர்களுடைய தொழில் தேர்வை எவ்வாறு வடிவமைக்கிறது, அதில் பண்பாட்டின் பங்கு என்ன என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். முதன்மைத் தரவுகளைத் திரட்டுமுன் ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு நடத்தினேன். மாணவர் தம்மைத் தனித்து நிற்பவராகக் காண்கிறாரா அல்லது உறவுகளோடு பிணைந்தவராகக் காண்கிறாரா என்பதை அறிய, சிங்கெலிஸ் 1994இல் வெளியிட்ட தன்னிலை அளவுகோலைப் பயன்படுத்தினேன். தொழில் முதிர்ச்சியை, அதாவது தம் வயதுக்கேற்ற தொழில் முடிவுகளை எடுக்க ஒருவர் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறார் என்பதை அளக்க, அமெரிக்க உளவியலாளர் கிரைட்ஸின் மரபைப் பின்பற்றி நானே ஒரு வினாப்பட்டியல் அமைத்தேன். உறவுசார் தன்னிலையில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர்கள் பெரும்பாலும் தொழில் முதிர்ச்சியில் பின்தங்கியிருந்தார்கள். கருதுகோள் உறுதியாகிவிட்டது, எழுதத் தொடங்கலாம் என்கிறார் என் நெறியாளர். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

காரணம் ஒரே ஒரு விடைத்தாள். "பெற்றோர் சொல்வதைக் கேட்பதைவிட என் தொழிலை நானே முடிவு செய்வதே சரி" என்பது ஒரு கூற்று. ஒரு மாணவர் முதலில் "ஆம்" என்று குறித்து, அழித்து, "இல்லை" என்று குறித்து, அதையும் பாதி அழித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தார்: "அப்பாவிடம் கேட்டுவிட்டு நானே முடிவு செய்தால் எந்தக் கட்டம்?" இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. என் வினாப்பட்டியல் முதிர்ச்சியை அளக்கிறதா, வீட்டாரிடமிருந்து விலகி நிற்பதை அளந்துவிட்டு அதற்கு முதிர்ச்சி என்று பெயர் சூட்டுகிறதா? இந்தச் சிக்கலை முன்பே யாராவது ஆராய்ந்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அந்தப் பென்சில் குறிப்பை எழுதிய மாணவர், அறியாமலேயே இத்துறையின் பழைய வழக்கு ஒன்றைத் திறந்திருக்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் சூப்பர் 1953இல் தம் தொழில் வளர்ச்சிக் கோட்பாட்டைப் பத்து முன்மொழிவுகளாக வெளியிட்டார். ஒருவர் தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது தம்மைப் பற்றித் தாம் கொண்டிருக்கும் கருத்தையே செயல்படுத்துகிறார் என்பது அதன் மையம். ஏறத்தாழ 15 முதல் 24 வயது வரையிலான காலத்தை அவர் தேடல் பருவம் என்று வகுத்தார். உங்கள் மாணவர்கள் அந்தப் பருவத்தில்தான் இருக்கிறார்கள். தொழில் முதிர்ச்சி என்னும் கருத்தும் அவரிடமிருந்து வளர்ந்ததே. பின்னர் கிரைட்ஸ் அதை மனப்பான்மைக் கூற்றுகளாக்கி அளவிட்டபோது, முடிவெடுப்பதில் பிறரைச் சாராதிருத்தல் முதிர்ச்சியின் ஓர் அடையாளமாக உள்ளே அமர்ந்துகொண்டது. "தான்" என்பதன் எல்லை ஒருவருடைய தோலோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் அதில் பொதிந்திருந்தது. அதை எழுதியவர்களுக்கு அது ஓர் எண்ணமாகவே தோன்றியிருக்காது. உலக இயல்பாகவே பட்டிருக்கும்.

அந்த எண்ணத்தை வெளிப்படையாகக் கேள்விக்கு உட்படுத்தியது மார்கஸும் கிதாயாமாவும் 1991இல் எழுதிய கட்டுரை. சில பண்பாடுகளில் "நான்" என்பதற்குள்ளேயே நெருங்கிய உறவுகள் அடங்கியிருக்கின்றன என்றும், சிந்தனை, உணர்ச்சி, ஊக்கம் மூன்றையும் அது மாற்றி அமைக்கிறது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். சூப்பரின் வாக்கியத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். சுயகருத்தைச் செயல்படுத்துவதே தொழில் தேர்வு என்றால், எவருடைய சுயகருத்தில் தாயும் தந்தையும் உடன்பிறந்தோரும் இடம்பெற்றிருக்கிறார்களோ, அவர் அவர்களைக் கலந்துகொள்வது கோட்பாட்டுக்கு முற்றிலும் பொருந்துகிற செயலாகிவிடுகிறது. கோட்பாட்டில் பழுதில்லை, அளவுகோல்தான் அதைக் குறுக்கிவிட்டது என்பது என் கருத்து.

நீங்கள் தேடும் ஆய்வு ஹார்டின், லியோங், ஒசிப்போ மூவரும் 2001இல் வெளியிட்டது. ஆசிய அமெரிக்க மாணவர்களின் தொழில் தேர்வு மனப்பான்மை ஐரோப்பிய வழி அமெரிக்க மாணவர்களுடையதைவிட முதிர்ச்சி குறைந்ததாகவே அதிலும் பதிவானது. ஆனால் அவர்கள் அந்த எண்ணோடு நிற்கவில்லை. உறவுசார் தன்னிலையைப் பிறரை நம்பியே இருக்கும் சார்புத்தன்மையோடு இந்த அளவீடு குழப்பிக்கொள்கிறதா என்று கேட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1999இல், டாங், ஃபுவாட், ஸ்மித் ஆகியோர் ஆசிய அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், குடும்பத்தின் ஈடுபாடும் தன்னாற்றல் நம்பிக்கையும் தொழில் தேர்வோடு தொடர்புற்றிருந்தன. தனிப்பட்ட ஆர்வத்துக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. ஆர்வத்தையே அச்சாணியாகக் கொண்ட ஆலோசனை முறைகளுக்கு இது சங்கடமான செய்தி.

இன்னொன்றையும் படியுங்கள். ஐயங்காரும் லெப்பரும் 1999இல் 7 முதல் 9 வயதுள்ள குழந்தைகளுக்கு எழுத்து மாற்றுப் புதிர்களைக் கொடுத்தார்கள். ஆங்கிலேய வழி அமெரிக்கக் குழந்தைகள் எந்தப் புதிர் என்பதைத் தாமே தேர்ந்தபோது மிகச் சிறப்பாகச் செய்தார்கள். ஆசிய அமெரிக்கக் குழந்தைகளோ, தங்கள் தாய் தேர்ந்தது என்று சொல்லப்பட்டபோது மிகச் சிறப்பாகச் செய்தார்கள். அறிமுகமற்ற ஒருவர் தேர்ந்தது என்றபோது அந்த உற்சாகம் வரவில்லை. யார் தேர்ந்தார் என்பது பொருட்டாக இருந்தது.

புள்ளியியல்காரன்:

ஆசிரியர் சொன்ன கோட்பாட்டோடு எனக்கு உடன்பாடே. ஆனால் தங்கள் எண்களைப் பண்பாட்டால் விளக்குமுன் இரண்டு இடங்களைச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, "தனித்து நிற்பவரா அல்லது உறவுகளோடு பிணைந்தவரா" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "அல்லது" தவறு. சிங்கெலிஸ் இரண்டையும் தனித்தனிப் பரிமாணங்களாகவே அமைத்தார். தொடக்க வடிவில் ஒவ்வொன்றுக்கும் 12 கூற்றுகள். ஒரே மாணவர் இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் பெறலாம், இரண்டிலும் தாழ்ந்தும் போகலாம். ஒன்றை மற்றொன்றின் எதிர்முனையாக எழுதினால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது, உங்கள் விடைத் திறவுகோலைப் பாருங்கள். முதிர்ச்சிக் கூற்றுகளில் எத்தனைக்கு "இல்லை" என்பது முதிர்ந்த விடை? பெரும்பாலானவற்றுக்கு அப்படியென்றால், கேட்டதற்கெல்லாம் "ஆம்" என்று குறிக்கும் பழக்கமுள்ளவர் முதிர்ச்சியில் தாழ்ந்தும், எல்லாக் கூற்றுகளும் நேர்முகமாகவே அமைந்த உறவுசார் தன்னிலையில் உயர்ந்தும் நிற்பார். நீங்கள் கண்ட ஒட்டுறவு, பண்பாடு எதுவும் இல்லாமலே உருவாகிவிடும்.

மேலும், கிழக்கு என்றால் கூட்டுவாதம், மேற்கு என்றால் தனிமனிதவாதம் என்று முன்னுரையில் எழுதி வைத்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள். ஓய்சர்மனும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2002இல் செய்த தொகுப்பாய்வில், ஐரோப்பிய வழி அமெரிக்கர்கள் ஜப்பானியரையும் கொரியரையும்விடக் கூட்டுவாதத்தில் குறைந்தவர்களாக இல்லை. அதே ஆண்டில் ஹைனும் பிறரும் ஒப்பீட்டுக் குழுவின் விளைவைச் சுட்டிக்காட்டினார்கள்: தம்மைத்தாமே மதிப்பிடுபவர் சுற்றியிருப்பவரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார். எல்லாரும் குடும்பத்தைக் கேட்கும் இடத்தில், சற்றே குறைவாகக் கேட்பவர் தம்மைப் பெரிய சுதந்திரர் என்று குறித்துக்கொள்வார்.

தொழில் வழிகாட்டி:

நான் ஆய்வாளர் இல்லை. மாணவர்களோடு அமர்ந்து பேசுவது என் வேலை. எந்தக் கட்டம் என்று கேட்ட அந்த மாணவருக்கு என் அனுபவத்திலிருந்து விடை சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரே வாரத்தில் இரண்டு மாணவியர் வந்தார்கள். தந்தை சொன்ன படிப்பில் சேரப்போவதாக இருவரும் சொன்னார்கள். முதல் மாணவியிடம் அந்தப் படிப்பில் என்னென்ன பாடங்கள் வரும் என்று கேட்டேன், தெரியவில்லை. வேறு எதையாவது யோசித்ததுண்டா என்றதற்கு, "அப்பா சொல்லிவிட்டார்" என்று மட்டும் சொல்லிக் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டாமவர் ஒரு குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். ஒரு பக்கத்தில் தந்தை சொன்ன காரணங்கள், எதிர்ப்பக்கத்தில் தன்னுடைய ஐயங்கள். ஐயங்களில் இரண்டு அடிக்கப்பட்டு, அருகே "அத்தையிடம் கேட்டாயிற்று" என்று எழுதியிருந்தது. உங்கள் வினாப்பட்டியல் இருவரையும் ஒரே தட்டில்தான் வைத்திருக்கும்.

மார்சியா 1966இல் வகுத்த அடையாள நிலைகளில், தேடிப் பார்க்காமலேயே ஒன்றைப் பற்றிக்கொள்ளும் நிலைக்குத் தனி இடம் உண்டு. முதல் மாணவி அங்கே இருக்கிறார். இரண்டாமவர் தேடிப் பார்த்து உறுதி கொண்டவர். தன்னாட்சியும் உறவு நெருக்கமும் எதிரெதிரானவை அல்ல, ஒருவரிடமே இரண்டும் சேர்ந்திருக்க முடியும் என்று துருக்கிய உளவியலாளர் காயித்சிபாஷி நெடுங்காலம் வாதிட்டு வந்தார். யார் சொன்னார் என்பதைவிட, சொன்னதை மாணவர் தமதாக்கிக்கொண்டாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். அதற்காக எல்லா வற்புறுத்தலையும் பண்பாடு என்று சொல்லி மூடிவிடவும் கூடாது. அறைக்குள் அழுதுவிட்டு, வெளியே வந்து சிரித்துக்கொண்டே பெற்றோரோடு போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுமாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. திறவுகோலைப் பார்த்தேன், நான் எழுதிய 18 கூற்றுகளில் 15க்கு "இல்லை" என்பதே முதிர்ந்த விடையாக இருக்கிறது. நெறியாளரிடம் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுபடியும் முன்னோட்டம் நடத்தச் சொன்னார். அந்தக் கூற்றை இரண்டாக உடைக்கப் போகிறேன்: வீட்டாரைக் கலந்துகொள்கிறேனா என்பது ஒன்று, இறுதி முடிவை என்னுடையதாக உணர்கிறேனா என்பது மற்றொன்று. முதிர்ச்சிக்குப் பதிலாகச் சாவிக்காஸும் பொர்ஃபெலியும் 13 நாடுகளின் தரவுகளோடு 2012இல் வெளியிட்ட தொழில் தகவமைவு (மாறும் தொழில் சூழலுக்கு ஏற்பத் தம்மைப் பொருத்திக்கொள்ளும் திறன்) அளவுகோலைப் பயன்படுத்தலாமா? அது பண்பாட்டுச் சார்பு இல்லாதது என்று எண்ணுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பயன்படுத்தலாம், ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அக்கறை, கட்டுப்பாடு, ஆர்வத் தேடல், தன்னம்பிக்கை என்னும் நான்கு பிரிவுகளில் 24 கூற்றுகள் அதில் உள்ளன. கட்டுப்பாடு என்ற பிரிவைத் திறந்து பாருங்கள். "நானாகவே முடிவெடுத்தல்" அங்கேயும் அமர்ந்திருக்கிறது. அந்த ஒரு கூற்று உங்கள் மாணவர்களிடம் மற்ற ஐந்தோடு சேர்ந்து நடக்கிறதா, தனியே விலகுகிறதா என்று பாருங்கள். மறுமுன்னோட்டத்தின்போது சிலரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு கூற்றையும் எவ்வாறு புரிந்துகொண்டு குறிக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். முடிந்தால் பென்சில் குறிப்பு எழுதியவரிலிருந்தே தொடங்குங்கள்.

ஆய்வுமாணவி:

அவரிலிருந்து தொடங்கத்தான் ஆசை, ஐயா. ஆனால் விடைத்தாளில் பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னது நானேதான்.