பாய்லர் நீராவி: 25 டன்னா, 22.68 டன்னா, 5.8 கிலோவா?

துவாஸ்_ஷிப்ட்:
அண்ணன்மாரே, ஒரு கணக்கு உதைக்கிறது. சிங்கப்பூர் துவாஸில் பாய்லர் பார்க்கிறேன். அமெரிக்க மெஷின், நேம்பிளேட்டில் 50,000 பவுண்டு/மணி என்று அடித்திருக்கிறது. லாக் ஷீட்டில் பழைய ஆட்கள் 25 டன் என்று எழுதி வந்திருக்கிறார்கள், நான் போட்டால் 22.68 வருகிறது, கண்ட்ரோல் ரூம் திரையோ முழு லோடிலும் 5.8 கிலோ/விநாடிக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஃப்ளோ மீட்டரைக் கழற்றி அனுப்பலாம் என்கிறார் சூப்பர்வைசர். எதை நம்புவது?

ஜூரோங்காரன்:
தம்பி, உங்க 22.68 சரி. ஒரு பவுண்டு 0.45359237 கிலோ, வரையறையே அதுதான். 50,000-ஐ அதால் பெருக்கினால் சுமார் 22,680 கிலோ/மணி, 3600-ஆல் வகுத்தால் 6.3 கிலோ/விநாடி. 25 என்று எழுதியவர்கள் 2000-ஆல் வகுத்திருக்கிறார்கள். அது அமெரிக்க டன், 907 கிலோதான். பிரிட்டிஷ் டன் வேறு, 2240 பவுண்டு, 1016 கிலோ. சிங்கப்பூர் 1970-களிலேயே மெட்ரிக்குக்கு மாறியாச்சு, ஆனால் மெஷினோடு அது செய்த ஊரின் அளவும் இறங்கிவிடுகிறது. லாக் ஷீட்டில் வெறும் டன் என்று விடாமல் மெட்ரிக் டன் என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். மனக்கணக்குக்கு, கிலோ/விநாடியை 3.6-ஆல் பெருக்கினால் மெட்ரிக் டன்/மணி. திரையில் 5.8 என்றால் 20.9. இன்னும் 1.8 டன் இடிக்கிறது, அது யூனிட் விவகாரம் இல்லை.

பழைய_பாய்லர்:
தயவு செய்து மீட்டரைத் தொடாதீர்கள். நேம்பிளேட்டில் அந்த 50,000-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஃப்ரம் அண்ட் அட் 212’ என்று இருக்கிறதா? ஃபீட் வாட்டர், அதாவது பாய்லருக்குள் போகும் தண்ணீர், என்ன சூடு, பிரஷர் எவ்வளவு?

துவாஸ்_ஷிப்ட்:
இருக்கு அண்ணா, பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தேன். ஃபீட் வாட்டர் 80 டிகிரி, பிரஷர் 10 பார் கேஜ் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 10 பார்).

பழைய_பாய்லர்:
அப்போ விஷயம் இதுதான். 212 ஃபாரன்ஹீட் என்றால் 100 செல்சியஸ். 100 டிகிரித் தண்ணீரை அதே 100 டிகிரியில் நீராவியாக்கினால் இவ்வளவு வரும் என்று அந்தத் தகடு சொல்கிறது, அதற்குக் கிலோவுக்கு 2257 கிலோஜூல் போதும். உங்களிடம் 80 டிகிரித் தண்ணீர் (335 கிலோஜூல்) 10 பார் நீராவியாக (2781) ஏற வேண்டும், 2446 வேண்டியிருக்கிறது. 2257-ஐ 2446-ஆல் வகுத்தால் 0.923, அதை 6.3-ஆல் பெருக்குங்கள், 5.8! மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து வரும் சுடுதண்ணீரை) இன்னும் கொஞ்சம் திரும்பப் பிடித்து ஃபீட் வாட்டரை 95-க்குக் கொண்டு வந்தால் 5.97 வரை கிடைக்கும், சூப்பர்வைசரிடம் அதைப் பேசிப் பாருங்கள்.

சில்லர்_பையன்:
குறுக்கே வருகிறேன், கன மீட்டர்/மணி என்று மீட்டர் காட்டினால் அப்படியே டன் என்று எழுதலாமா?

ஜூரோங்காரன்:
சில்லர் (குளிரூட்டும் மெஷின்) தண்ணீருக்கு எழுதலாம், பெரிய வித்தியாசம் வராது. நீராவிக்குக் கூடவே கூடாது. 10 பார் கேஜில் ஒரு கன மீட்டர் சுமார் 5.6 கிலோ, 5 பாருக்கு இறங்கினால் 3.2 கிலோதான், அதனால் பிரஷரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.