நூலகப் படிப்பு: நான்கு மாதம் கழித்து

பிளஸ் டூ முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது, புதுச்சேரியில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்து நூலக உதவியாளர் ஆக முடியுமா என்று ஜூனில் கேட்டிருந்தேன். அக்காமார்களும் அண்ணன்மார்களும் சொன்ன பதில்கள் இல்லையென்றால் தொடங்கியே இருக்க மாட்டேன். அதற்காகவே இந்தப் புதுப்பிப்பு.

மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில் நூலக அறிவியல் பாடங்களை இலவசமாகப் பார்க்கிறேன். தேர்வுக்கும் சான்றிதழுக்கும் மட்டும் கட்டணம்.

ஆனால் வீடியோ பார்த்தால் மட்டும் கை பழகாது. பழைய லேப்டாப்பில் நூலகங்கள் புத்தகப் பட்டியலுக்குப் பயன்படுத்தும் கோஹா மென்பொருளைப் போட்டு, வீட்டுப் புத்தகங்களையே பதிவு செய்தேன். மார்க் 21 என்ற பதிவு முறையில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண்ணிட்ட கட்டம்: 100-இல் ஆசிரியர், 245-இல் தலைப்பு, 020-இல் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண். நம் பெயர்களில்தான் சிக்கல். இனிஷியலைப் பின்னால் தள்ளி, பெயரை முன்னால் போட வேண்டும். ஒரு இடத்தில் மாற்றிப் போட்டேன், ஒரே எழுத்தாளர் இரண்டு ஆளாகிவிட்டார்! அப்புறம் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூவி முறைப்படி தமிழ் நாவலுக்கு 894.8113 என்று எழுதி, புத்தகத்தின் முதுகில் ஒட்டியபோது அவ்வளவு சந்தோஷம்.

1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. சிறுவயதில் அலமாரி எண்களைப் பார்த்ததே இல்லை. இப்போது அவற்றைத்தான் முதலில் படிக்கிறேன்.

சரி, அடுத்தது நேரடிப் பயிற்சி. ஒரு பள்ளி நூலகத்தில் சனிக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகங்களுக்கு அட்டை போடுவதிலிருந்து ஆரம்பம்.