ஆளேறினால் படகு எழும்ப மாட்டேன் என்கிறது: எந்த பிட்ச் புரொப்பல்லர் போடலாம்?

வணக்கம். 16 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்). இப்போது இருப்பது மூன்று பிளேடு அலுமினியப் புரொப்பல்லர், பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் கணக்குப்படி முன்னேறும் தூரம்) 13 அங்குலம். ஓட்டுவது கழிமுகத்தில், உப்புத் தண்ணீர்.

இரண்டு மாதமாக ஐந்து பேரை ஏற்றிப் போகிறேன், அப்போதுதான் தொல்லை. படகு தண்ணீர்மேல் மட்டமாக எழும்பி ஓடாமல் முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது, எதிரே வருவது தெரிவதில்லை. அதுதான் பெரிய பயம். த்ராட்டிலை முழுசாகக் கொடுத்தாலும் ஆர்பிஎம் முள் 4600-இலேயே நின்று நடுங்குகிறது. கையேடு சொல்வது 5000 முதல் 6000 வரை. தனியாகப் போனால் 5400 வருகிறது.

அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிவிட்டேன். ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர் இரண்டும் புதுசு. மேல்மூடியைக் கழற்றி, தம்பியை லீவரைத் தள்ளச் சொல்லிப் பார்த்தேன். த்ராட்டில் வால்வு முழுசாகத் திறக்கிறது. இன்ஜினை மாட்டும் போல்ட்டில் ஒரு துளை மேலே ஏற்றினேன், திருப்பத்தில் புரொப்பல்லர் காற்றை இழுத்து இன்ஜின் அலறியது. சரி என்று பழையபடியே இறக்கிவிட்டேன்.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும் என்பது கணக்கு. 11 போட்டால் சுமையோடு 5000-ஐத் தொட்டு நிற்கும். 10 போட்டால் சுமையோடு 5200 வரும், ஆனால் தனியாகப் போகும்போது 6000-ஐ முட்டும்.

பெரும்பாலும் ஐந்து பேரோடுதான் ஓட்டுவேன் என்றால், 11 வாங்கவா, 10 வாங்கவா?