மறுமொழி: ‘ரத்தம் மெலிதாக்கி’ வேண்டாம்; உறையவிடா மருந்து, ஒட்டவிடா மருந்து

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கிளினிக் ஊழியர்களுக்கான இதய மருந்து அட்டைக்குச் சொல் கேட்டு நான் தொடங்கிய இழைக்கு இத்தனை மறுமொழிகள் வந்ததில் மகிழ்ச்சி. எல்லாவற்றையும் படித்தேன். ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரைகளுக்கெல்லாம் ‘ரத்தம் மெலிதாக்கி’ என்று ஒரே சொல்லாக வைத்துவிடுங்கள், மக்களுக்குப் புரிந்துவிடும் என்பதுதான் பலருடைய கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாத்திரைகள் எதுவும் ரத்தத்தை மெலிதாக்குவதில்லை. ரத்தம் இருந்தபடியேதான் இருக்கிறது. அது உறைந்து கட்டியாகும் தன்மைதான் குறைகிறது. சொல் பிசகினால் என்ன என்று கேட்கலாம். சோகை இருக்கும் ஓர் அம்மாவிடம் ‘இது ரத்தத்தை மெலிய வைக்கிற மாத்திரை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இருக்கிற ரத்தமே போதாது என்கிறீர்கள், இதில் இன்னும் மெலிய வைத்தால் எப்படி’ என்று மாத்திரையை ஓரமாக வைத்துவிடுவார். இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்த புதிதில் அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைப்பு வந்து மறுபடி மாரடைப்பு வரலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு குடும்பத்து மருந்துகள் ஒளிந்துகொள்கின்றன. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் ஒரு வகை. ரத்தக்குழாயின் உள்சுவரில் காயமோ கொழுப்புப் படிவின் வெடிப்போ ஏற்பட்டால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதலை இவை கெடுக்கின்றன. ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்கச் சரியாக ஒட்டாது. அதன் ஆயுளே 7 முதல் 10 நாள்தான். வார்ஃபரினும் அசிட்ரோம் என்று நாம் எல்லாரும் சொல்லும் அசினோகூமரோலும் இன்னொரு வகை. தட்டணுவோடு இவற்றுக்கு வேலை இல்லை. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத் தயாரிக்கிறது. இந்த மருந்துகள் அங்கே போய்க் குறுக்கே நிற்கின்றன. பாலில் ஊற்றிய உறை வேலை செய்யாமல் போனால் பால் எப்படிப் பாலாகவே நிற்குமோ, ஏறக்குறைய அதுதான் இங்கே நடக்கிறது.

நான் வேலை பார்ப்பது செங்கோட்டைப் பக்கம். புளியரை தாண்டினால் கேரளத்து ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. வைத்தியத்துக்கு அந்தப் பக்கம் போகும் பழக்கம் இன்றும் விடவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் சொந்தமாக உருவாக்கிய செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போனவர்கள் பலருக்கு அது வாழ்வு கொடுத்திருக்கிறது. உலோகச் சட்டத்துக்குள் பிளாஸ்டிக் வட்டு சாய்ந்து திறந்து மூடும் வால்வு அது. அந்நியப் பொருள் என்பதால் அதன்மேல் ரத்தம் உறையப் பார்க்கும். ஆகவே உலோக வால்வு வைத்தவர்களுக்கு அசிட்ரோமோ வார்ஃபரினோ ஆயுளுக்கும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவரும் வால்வு மாற்றியவரும் எங்கள் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இருவரிடமும் ‘ரத்தம் மெலிய மாத்திரை சாப்பிடுறீங்களா’ என்று கேட்டால் இருவரும் ஆமாம் என்பார்கள். அந்த ஆமாமை வைத்துக்கொண்டு ஊழியர் என்ன செய்வது?

இடுப்பு வலி என்று வருபவருக்கு டைக்ளோபெனாக் ஊசி போடுவது எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். அசிட்ரோம் சாப்பிடுபவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசிந்து பெரிதாகத் திரளலாம். டைக்ளோபெனாக்கே வயிற்றில் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியது வேறு. மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், புளூகோனசோல் மூன்றும் கிளினிக்கில் தினமும் கைமாறும் மாத்திரைகள். மூன்றுமே அசிட்ரோமின் வேலையை அதிகப்படுத்திவிடும். கர்ப்பம் தரித்தால் கருவுக்கு ஆபத்து என்பதால், இதைச் சாப்பிடும் இளம்பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போன உடனே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பிரினுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையும் ஆஸ்பிரினுக்குக் கிடையாது. அசிட்ரோமுக்கு அது இல்லாமல் ஆகாது. சாதாரணமாக 1 அளவில் இருக்கும் எண்ணைப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்தி வைப்பார்கள். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் இன்னும் சற்று மேலே, 2.5 முதல் 3.5 வரை.

கீரை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நமக்கு ஆடி பிறக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம் கர்க்கடகம். பத்து வகை இலை பறித்துத் தோரன் (தேங்காய்ப் பொரியல்) வைத்துச் சாப்பிடும் மாதம் அது. வழக்கமாகக் கீரை அதிகம் தொடாதவர் திடீரென்று தினமும் இலையாகச் சாப்பிட்டால் வைட்டமின் கே ஏறும், ஐ.என்.ஆர். இறங்கும், வால்வில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். கீரையே கூடாது என்று சொல்லிவிடுவதும் தப்பு. வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னால் போதும். ஆஸ்பிரின்காரருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அட்டையில் ஒரே பெயரை எழுதி வைத்தால் ஊழியர் எல்லாருக்கும் கீரையை நிறுத்தச் சொல்வார், இல்லையென்றால் யாருக்குமே சொல்லாமல் விடுவார்.

சரி, இரண்டு பெயர் வேண்டும் என்று ஆகிவிட்டது. இழையில் வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘குருதி உறைவெதிர்ப்பி’, ‘தட்டணு எதிர்ப்பி’ என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். கல்லூரிப் பாடநூலுக்கு முதல் சொல்லில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவதை கிளினிக்கில் சொல்ல முடியாது. டெங்கு வந்துபோன பிறகு தட்டணு என்ற சொல் தெரியாத வீடு இல்லை. தட்டணு குறைந்தால் உயிருக்கு ஆபத்து என்பதும் எல்லாருக்கும் மனப்பாடம். அவர்களிடம் ‘தட்டணு எதிர்ப்பி’ என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தால் அது தட்டணுவை அழிக்கிற மாத்திரை என்றுதான் நினைப்பார்கள். எண்ணிக்கையைக் குறைப்பது அதன் வேலையே இல்லை.

‘கருத்தடை’ போல ‘உறைத்தடை’ என்று ஒருவர் சொன்னார். ஆக்கம் அழகாக இருக்கிறது. ‘கருத்தடை’ கிராமத்து வாய்க்குள் எவ்வளவு இயல்பாகப் போய்விட்டது என்பதை நினைத்தால் ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் கருத்தடையும் ஆணுறையும் ஒரே தாளில் ஒட்டியிருக்கும். வால்வு மாற்றிய 25 வயதுப் பெண்ணின் காதில் ‘உறைத்தடை மாத்திரை’ எப்படி விழும்? கர்ப்பத்தைப் பற்றி மிகக் கவனமாகப் பேச வேண்டியது அவரிடம்தான். அங்கே இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

‘ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை’ என்பது மூன்றாவது. ஆரியங்காவு, கழுதுருட்டித் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் ‘கட்ட பிடிக்காதிருக்கிற குளிகை’ என்றே கேட்கிறார்கள். கருத்தளவில் ‘மெலிதாக்கி’யைவிட அவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் தமிழில் ரத்தக்கட்டு என்றால் அடிபட்டுத் தோல் கன்றிப்போவது. அசிட்ரோம் கூடிப்போனால் முதலில் தெரியும் அடையாளங்களில் ஒன்று அந்தக் கன்றல்தான். அடி படாமலே உடம்பில் நீலம் பாய்ந்தால் உடனே வரச் சொல்கிறோம். ‘ரத்தம் கட்டாமலிருக்க’ என்று பெயர் வைத்தால், ரத்தக்கட்டைப் பார்த்ததும் இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்பவர்களும் இருப்பார்கள். பயப்பட வேண்டிய குழப்பம் இது.

என் பரிந்துரை: அசிட்ரோம் வகைக்கு ‘உறையவிடா மருந்து’, ஆஸ்பிரின் வகைக்கு ‘ஒட்டவிடா மருந்து’.

வாடாமல்லி, செல்லாக்காசு, விடாமழை என்று நாம் தினமும் புழங்கும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான். மருந்து, மாத்திரை, ஊசி எதைச் சேர்த்தாலும் நடுவில் வல்லினம் மிகாது. ஊசியாகப் போடும் உறையவிடா மருந்தான ஹெப்பாரினை ‘உறையவிடா ஊசி’ என்று சொல்லிவிடலாம். ‘உறையா மருந்து’ என்று இன்னும் சுருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்போது மருந்தே உறையாது என்ற பொருள் வந்துவிடும். ‘விடா’ இருந்தால்தான் தடுப்பது மருந்து என்பது விளங்கும். ‘உறைய’ என்று வினையாக நிற்பதால் மேலுறை, ஆணுறை ஆகியவற்றின் நினைவும் வராது. எங்கள் எல்லைக்கு இன்னொரு லாபமும் உண்டு. மலையாளத்திலும் பாலுக்கு உறை ஊற்றுவது ‘உற ஒழிக்கல்’, ஒட்டுவது ‘ஒட்டுக’. கொல்லம் பக்கத்து நர்ஸிடம் சொன்னாலும் பாதி விளக்கம் மிச்சம்.

‘தடுப்பி’ என்று முடியும் சொற்கள் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். பீட்டா பிளாக்கர், கால்சியம் சேனல் பிளாக்கர், ஏ.சி.இ. இன்ஹிபிட்டர் எல்லாவற்றையும் தடுப்பி ஆக்கினால் அட்டை முழுக்கத் தடுப்பியாக நிற்கும், எது எதைத் தடுக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. அட்டெனலால், மெட்டோபுரோலால் வகையை பீட்டா பிளாக்கர் என்றே விடுவோம். பக்கத்தில் ‘நாடித்துடிப்பைக் குறைக்கும், திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆஸ்துமா உண்டா என்று கேள்’ என்று எழுதுவோம். லேசிக்ஸை எல்லாரும் நீர் மாத்திரை என்கிறார்கள். அது போதும், சிறுநீர்ப்பெருக்கி அட்டையில் வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டுக்கு ‘நாக்கடி மாத்திரை’ என்று தென்காசி நண்பர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வைக்க வேண்டிய இடத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. மேல் பிரஷர் (சிஸ்டாலிக்) 90-க்குக் கீழே இருந்தாலோ ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாபில் வகை மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் சிவப்பில் போட வேண்டும். ஐ.என்.ஆரைத் தமிழாக்கும் முயற்சியையும் விட்டுவிடலாம். ஆய்வகச் சீட்டில் வருவது அந்த எழுத்துகள்தான், நோயாளி பார்த்து அடையாளம் சொல்ல வேண்டியதும் அதைத்தான்.

டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் மூன்றும் உறையவிடா மருந்துக்குள்ளேயே வரும். இவற்றுக்கு வழக்கமான ஐ.என்.ஆர். தேவையில்லை, உலோக வால்வுக்காரருக்கு இவற்றைக் கொடுப்பதும் இல்லை. ஆகவே அட்டையில் இதைத் தனி வரியாகப் போடுகிறேன். பல் பிடுங்கப் போகிறவருக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை ஊழியருக்குக் கிடையாது என்பதும், எழுதிக் கொடுத்த மருத்துவரையே கேட்க வேண்டும் என்பதும் இரண்டு வகைக்கும் பொது.

பாக்கி நிற்பது ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் ஊசிகள். இவை ஏற்கெனவே உறைந்ததைக் கரைப்பவை. அசிட்ரோமே கட்டியைக் கரைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய இருப்பதால் இதற்கும் பெயர் தெளிவாக வேண்டும். ‘உறைவு கரைக்கும் ஊசி’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.

குமுளி, வாளையாறு, களியக்காவிளைப் பக்கத்து நண்பர்கள் இரண்டு சொற்களையும் உங்கள் கிளினிக் ஊழியர்களிடம் விளக்கம் சொல்லாமல் சொல்லிப் பார்த்து, என்ன புரிந்தது என்று எழுத வேண்டும். நகரி, சித்தூர்ப் பக்கத்தவர்களின் கருத்து இன்னும் முக்கியம். தெலுங்கில் பாலுக்கு ஊற்றுவது ‘தோடு’, ரத்தம் உறைவது ‘கட்ட கட்டடம்’. ‘உறைய’ என்ற வேர் அங்கே உதவாது. அந்தப் பக்கத்து அட்டையில் தெலுங்குச் சொல்லையும் பக்கத்திலேயே அச்சிடுவதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.